கஸ்பார் அடிகளாரின் இரண்டாவது விரல்

புனித கஸ்பார் அடிகளாருக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் இரண்டு. ஒன்று ஆவரைத்துறைக் கோயிலில் இருந்தது. இன்னொன்று கூப்பிடு தூரத்தில், அடுத்த கடற்கரை ஊரான சுறாமுனையின் கோயிலில் இருந்தது. மேற்குத் தேசத்திலிருந்து கப்பலில் வந்த அந்தத் துறவி இந்த விரலை நீட்டித்தான் புயலைத் திருப்பி அனுப்பினார் என்று இரண்டு ஊர்க்காரர்களும் சத்தியம் செய்வார்கள். பக்கத்து ஊரில் இருப்பது ஆட்டெலும்பு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

நானூறு வருடமாக இதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. திருவிழா சமயத்தில் நாலு பேர் மண்டை உடையும், அவ்வளவுதான். அடிகளாருக்கு ஒரே ஒரு திருத்தலம் போதும் என்று ஆயர் முடிவு செய்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. எந்த விரல் மெய்யோ அந்த ஊர் திருத்தலம். மற்ற விரல் ஆயர் இல்லத்து அலமாரிக்குப் போகும், அதோடு அந்த ஊர்த் திருவிழாவும் முடிந்தது.

மெய் எது என்று சொல்ல என்னை அழைத்தார்கள். நான் செண்பகவல்லி, கும்பகோணத்துக்காரி, பழைய பொருள்களை வாசிப்பது என் வேலை. என் கருவியின் பெயர் அடுக்குமானி. பார்க்க வீட்டு கிரைண்டர் அளவுதான் இருக்கும். ஆவரைத்துறையில் எங்களைப் பாண்டு வாத்தியத்தோடு வரவேற்றார்கள். சால்வையை முதலில் அடுக்குமானிக்குப் போர்த்திவிட்டு, மிச்சம் இருந்ததை எனக்குப் போர்த்தினார்கள்.

ஊர்க் கமிட்டி கோயில் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் கூடியது. தலைவர் கலிஸ்து பர்னாந்து ஒரு காலத்தில் லாஞ்சு ஓட்டியவர். இன்னமும் கடலில் நின்று பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"இது எப்படி மேடம் கண்டுபிடிக்கும்?"

"ஒரு பொருளை யார் தொட்டாலும் அவங்க உடம்புல இருந்து துளி அதுல ஒட்டிக்கும். வேர்வை, தோல், எச்சில். புதுசு மேல இருக்கும், பழசு அடியில இருக்கும். வெங்காயம் உரிக்கிற மாதிரி ஒவ்வொரு அடுக்கா வாசிச்சுட்டே போனா, கடைசியில எலும்பு. அது யாரு, எந்த தேசத்து ஆளு, எந்தக் காலம்னு தெரிஞ்சிடும்."

"எச்சின்னு சொல்லாதிய மேடம்" என்றார் பங்குத்தந்தை இஞ்ஞாசி சாமி. குட்டையான, சிரித்த முகம். "முத்தின்னு சொல்லுங்க."

முத்தி செய்வது என்றால் முத்தமிடுவது. விரலை வெள்ளிக் கூட்டுக்குள் வைத்திருந்தார்கள், நுனி எலும்பு மட்டும் வெளியே தெரியும். திருவிழாவுக்குத் திருவிழா ஊர் முழுவதும் வரிசையில் வந்து அதை முத்தும். வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பதெல்லாம் குடும்ப வாரியாக என்றோ முடிவானது. முதலில் சாமியார், பிறகு தலைவர் வீடு, பிறகு மற்ற வீடுகள். மற்ற கோயில்களில் ஒருவர் முத்தியதும் துணியால் துடைப்பார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. துடைத்தால் அருள் போய்விடும். காலரா வந்த காலத்தில் துடைக்கச் சொன்ன வெள்ளைக்கார அதிகாரியைக் கடலில் தள்ளியதாக ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

"நீங்க துடைக்காதது எனக்குப் பெரிய வசதி" என்றேன் உற்சாகமாக. "இப்படி ஒரு பொருளை நான் பார்த்ததே இல்லை. எல்லா வருஷமும் அப்படியே இருக்கும். வரிசையும் மாறாததால எந்த அடுக்குல எந்த வீடுன்னுகூடச் சொல்லிடலாம். யாருக்கு யார் உறவுன்னு எல்லாம் தெரியும்."

"உறவுன்னா?" என்றார் கமிட்டியில் ஒருவர்.

"யார் யாருக்குப் பிள்ளைன்னு."

ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் வேட்டியைச் சரிசெய்தார். சோதனையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டது, பாண்டு வாத்தியத்துக்கு ஏற்பாடு செய்த அதே மனிதர்தான்.

பங்குத்தந்தை இல்லத்து மாடி அறையில் நான் தங்கினேன். மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தனித்தனியாக, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, கையில் ஏதாவது பொட்டலத்தோடு. மக்ரூன் கொண்டுவந்தவர், கப்பல் தரைதட்டிய வருடத்தை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிடச் சொன்னார். மஸ்கோத் அல்வா கொண்டுவந்த அம்மாவுக்கு அதற்கு அடுத்த வருடம். கூடப் பிறந்த அண்ணனும் தம்பியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து ஒரே வருடத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். மேசையில் ஒரு பலகாரக் கடையே சேர்ந்துவிட்டது.

சிரிப்பாக வந்தாலும் அவர்கள் பயம் நியாயமானது. சென்னையில் ஒரு காபி டம்ளரை வாசித்துக் கல்யாணம் நின்றுபோனதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் எங்கள் தொழிலில் ஒரு சட்டம் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், பார்த்ததையெல்லாம் சொல்லக்கூடாது. இதை வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

தலைவர் கலிஸ்து பெரிய சீலா மீனோடு வந்தார்.

"நான் சைவம் சார்."

"பரவாயில்ல மேடம், ஐஸ்ல வச்சு ஊருக்குக் கொண்டுட்டுப் போங்க" என்றார் அசராமல். "ஒரு விசயம். நடுவுல கெடக்குறதெல்லாம் நமக்கு எதுக்கு? நேரா எலும்புக்குப் போயிருங்களேன்."

"மாடிப்படி ஏறாம மொட்டை மாடிக்குப் போக முடியுமா?"

அவர் மீனையும் வைத்துவிட்டு, முகத்தையும் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

கையை வீசிக்கொண்டு வந்தவள் ஜெனோவா ஒருத்திதான். கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவள். அவள் குரலை நான் வந்த அன்றே மாடியிலிருந்து கேட்டிருந்தேன். அவள் விலை கூறினால் கடலில் நிற்கும் படகுக்கும் கேட்கும். கூடவே அவள் மகள் பிலோமி வந்திருந்தாள், பள்ளிக்கூடம் போகிற வயது. கருத்த முகத்தில் பளிச்சென்று பூனைக்கண்.

"எல்லாரும் வாசிக்காதியன்னு சொல்ல வந்திருப்பாவ. நான் வாசிங்கன்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

அவள் கணவன் ரெமிஜியூஸ், தலைவர் கலிஸ்துவின் மகன். குழந்தை கண் திறந்த நாளில், எங்கள் வம்சத்தில் பூனைக்கண் கிடையாது என்று சொல்லிவிட்டார் மாமனார். ரெமி வாயைத் திறக்கவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். திருவிழாவில் பிலோமிக்கு அப்பா வீட்டு வரிசையும் இல்லை, அம்மா வீட்டு வரிசையும் இல்லை. ஊரெல்லாம் முத்தி முடித்தபின் கடைசியாக, தனியாகப் போய் முத்துவாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு சோதனை பண்ணியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே?"

"நானே கேட்டேன் மேடம். எங்க வீட்டு ரத்தத்த ஊசியில குடுக்க மாட்டோம்னுட்டாரு மாமா." அவள் சிரித்தாள். "ஊசியில குடுக்கல. முத்தியில குடுத்திருக்காவல்லா?"

நான் சட்டத்தைச் சொன்னேன். தலைவர் வீட்டு ரகசியத்தை நானாகத் தேடவும் முடியாது, சொல்லவும் முடியாது.

"தேட வேண்டாம். கண்ணுல பட்டா மறைக்காதிய. கேக்க வேண்டியத நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள். பிலோமி இரண்டு மக்ரூன் எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்காகவாவது அந்த எலும்பு ஏதாவது நல்லது சொல்லட்டும் என்று எனக்கு இருந்தது.

வாசிப்பு ஆரம்பமானது. மேலே இருந்த வருடங்கள் ஒவ்வொன்றாக உரிந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் வருடங்களும் வந்தன. அண்ணனும் தம்பியும் சொன்ன வருடத்தில் பயப்பட ஒன்றுமே இல்லை, பாவம், இரண்டு பேரும் இத்தனை காலம் வீணாகக் கலங்கியிருக்கிறார்கள். கீழே போகப்போகப் பஞ்ச காலத்தில் வரிசை சுருங்கியது, பிறகு நீண்டது. கடைசியில் எலும்பு வந்தது. ஆண். மேற்குத் தேசத்துக்காரர். வலது ஆள்காட்டி விரல்தான். காலமும் பொருந்தியது.

எழுந்து ஒரு காபி குடித்துவிட்டு, எலும்பை ஒட்டிய முதல் அடுக்கின் பதிவுக்குத் திரும்பினேன். அந்த விரலை முதன்முதலில் முத்தியது ஒரு பெண். இந்தக் கரைக்காரி. அடுத்து முத்தியது ஒரு குழந்தை. அந்தக் குழந்தைக்குத் தாய் அவள். தகப்பன், அந்த எலும்பு.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நானூறு வருடத்துக்கு முன்னால் அம்மா பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, அப்பாவின் விரலை முத்தச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது. பிறகுதான் இதைப் போய் ஊரில் எப்படிச் சொல்வது என்ற கவலை வந்தது.

அந்தக் குழந்தையிலிருந்து மேலே அடுக்கு அடுக்காகப் பிடித்துக்கொண்டு வந்தேன். வம்சம் பெருகி, பாதி ஊருக்கு மேல் பரவியிருந்தது. கூடவே எலும்புக்காரரின் பூனைக்கண்ணும் வந்திருந்தது. அது தாய், தகப்பன் இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால்தான் வெளியே தெரியும், இல்லாவிட்டால் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். நடுவில் சில தடவை எட்டிப் பார்த்திருந்தது. எட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும், அடுத்த வருட வரிசையில் அந்தப் பிள்ளையும் தாயும் இல்லை. பிலோமி மட்டும் கடைசியிலாவது நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. வரிசையில் கலிஸ்துவுக்கு அடுத்து நின்ற அவர் மகன்தான்.

முதலில் இஞ்ஞாசி சாமியிடம் போனேன். எலும்பு மெய் என்றேன், வேறு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டதால், அதற்கு வம்சம் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பொய்யின்னு சொன்னா வெரலுக்கு ஆபத்து. மெய்யின்னு சொன்னா அடிகளாருக்கு ஆபத்து" என்றார். "மேடம், இதுக்குப் பேசாம நீங்க அந்த ஆட்டெலும்பையே கண்டுபிடிச்சிருக்கலாம்."

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலிலேயே கூட்டம். ஆயருக்காக ஊர் கேட்ட கேள்வி ஒன்றுதான், விரல் மெய்யா? அதற்கு மட்டும் பதில் சொன்னேன். அந்தக் காலத்து மேற்குத் தேசத்து மனிதரின் வலது ஆள்காட்டி விரல், சந்தேகமே இல்லை. சொல்லி முடிப்பதற்குள் வெளியே வேட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். கலிஸ்து அழுதேவிட்டார்.

அந்த வேட்டுச் சத்தத்தை மீறிப் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம், நான் ஒண்ணு கேக்கேன். அந்த எலும்புக்காரருக்குக் கண்ணு என்ன நெறம்?"

கேட்டால் சொல்ல வேண்டும். "பூனைக்கண்."

"அந்தக் கண்ணு இந்த ஊருல யாருக்கெல்லாம் உண்டு?"

பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "பாதி ஊருக்கு மேல. உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் சேர்ந்தா வெளிய வரும்."

"அவரு கண்ணு எங்களுக்கு எப்படி வந்துச்சாம்?" என்றார் ஒருவர், புரியாமல்.

"புள்ள பெத்தாத்தான்டே வரும்" என்றது பின்வரிசை.

கோயில் இரண்டுபட்டது. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். அடுக்குமானியைக் கடலில் போட வேண்டும் என்றார்கள், என்னையும் சேர்த்தா என்பது தெளிவாகக் கேட்கவில்லை. கலிஸ்து எழுந்து நின்று, "மிசினு பொய் சொல்லுது!" என்று கத்தினார்.

ஜெனோவா நடுவழியில் வந்து நின்றாள். பிலோமி அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"மிசினு பொய்யின்னா வெரலும் பொய்யி. திருவிழாவ மறந்துருங்க. மிசினு மெய்யின்னா இந்தக் கண்ணு ஒங்க வீட்டுலயும் உண்டு, எங்க வீட்டுலயும் உண்டு. இது ஒங்க பேத்தி. எது வேணும் மாமா?" கையை உயர்த்தினாள். "ஒரு தரம்…"

ரெமிஜியூஸ் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"ரெண்டு தரம்…"

கலிஸ்துவின் கண் விரலுக்குப் போனது, பிலோமிக்குப் போனது, மறுபடி விரலுக்குப் போனது. மூன்றாம் தரத்துக்கு அவள் வாயெடுப்பதற்குள் கத்தினார்.

"அடிகளாருக்கு ஒரு தம்பி இருந்தாரு!"

உடனே ஊருக்கே ஞாபகம் வந்துவிட்டது. ஆமாம், தம்பி. கூடவே கப்பலில் வந்தவர். கப்பல் தச்சர். பெயர் பெத்ரு. நல்ல மனுசன், இந்த ஊரிலேயே கல்யாணம் கட்டிக்கொண்டவர். அண்ணன் தம்பிக்கு ஒரே கண்தானே? அடிகளார் மேல் ஒரு தூசி இல்லை, வம்சம் தம்பியுடையது. என் பாட்டையாகூடச் சொல்லுவாரே என்று இரண்டு பேர் சாட்சியும் சொன்னார்கள்.

"மிஷின் அப்படிச் சொல்லலை, இந்த எலும்புக்கு உரியவர்தான் தகப்பன்" என்று சொல்ல மைக்கைத் தேடினேன். அது பாடகர் குழுவிடம் போய்விட்டிருந்தது. கைதட்டிப் பாட ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற இஞ்ஞாசி சாமிக்கு மட்டும் நான் சொன்னது கேட்டது.

"எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம் மேடம்" என்றார்.

வேலை அதோடு முடியவில்லை. சுறாமுனை விரலையும் வாசித்தால்தான் ஆயருக்குப் பதில் முழுமையாகும். அங்கே ஒவ்வொரு முத்திக்கும் துடைக்கிற வழக்கம் உண்டு, அதனால் அடுக்குகள் குறைவு, சீக்கிரமே எலும்புக்குப் போய்விட்டேன்.

அது ஆட்டெலும்பு இல்லை. மனிதருடையதுதான். மேற்குத் தேசத்துக்காரர், அதே காலம், அதே வலது ஆள்காட்டி விரல். ஆனால் அதே ஆள் இல்லை. ஆவரைத்துறை எலும்புக்காரரோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்த சகோதரன். இவருக்கு இரண்டு ஊரிலும், எந்த அடுக்கிலும், பிள்ளை குட்டி கிடையாது.

தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஊரே கூடிச் சொன்ன பொய் மெய்யாக இருந்தது.

திரும்பி வந்து இஞ்ஞாசி சாமியின் சாப்பாட்டு மேசையில் கலிஸ்துவிடம் விவரத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியளா, தம்பி உண்டுன்னு நான் சொன்னேன்லா!" என்று மேசையைத் தட்டினார். பிறகு மெல்லக் கணக்குப் புரிய, தட்டிய கை அப்படியே நின்றது.

"அப்போ, புள்ள பெத்தவரு தம்பி…"

"நீங்க சொன்னபடி பார்த்தா."

"புள்ள பெத்தவரு வெரலு எங்ககிட்ட கெடக்கு."

"ஆமா."

"அப்போ அடிகளாரு வெரலு…" சுறாமுனையின் பெயரைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"இதுல யாரு பேரு கஸ்பார்னு எலும்புல எழுதியிருக்காது" என்றேன். "பிள்ளை பெத்தவர்தான் கஸ்பார்னு ஆயர்கிட்ட சொன்னா, திருத்தலம் உங்களுக்கு."

"அடிகளாருக்கு அவப்பேரு" என்றார் சாமியார்.

"தம்பிதான்னு சொன்னா அடிகளாருக்கு ஒரு குறையும் இல்லை. திருத்தலம் சுறாமுனைக்கு."

"மிசினே தப்புன்னு சொன்னா?" என்று கேட்டார் கலிஸ்து. கேட்டுவிட்டு அவரே ஜன்னல் பக்கம் திரும்பினார். முற்றத்தில் திருவிழாவுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பிலோமி தோரணக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இழுக்கிறவனை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த அதட்டல் அச்சு அசலாகக் கலிஸ்துவுடையது. அதைக் கேட்க மிஷின் தேவையில்லை. இத்தனை வருடம் அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

லாஞ்சு ஓட்டிய மனிதர், ஊருக்காக மண்டை உடைத்துக்கொண்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

"எங்க வெரலு தம்பி வெரலுன்னே சொல்லிருங்க மேடம்."

"திருவிழாவை ஆயர் நிறுத்திடுவாரே?"

"புனிதரு வெரலுக்குத்தான ஆயரு தட போடுவாரு?" மீசையை நீவிக்கொண்டு எழுந்தார். "எங்க பாட்டன் வெரல நாங்க முத்துததுக்கு எவம்கிட்ட கேக்கணும்?"

இஞ்ஞாசி சாமி யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு தடை எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் இல்லை என்றார்.

அடிகளார் சுறாமுனைக்குப் போனார். இருந்தும் ஆவரைத்துறைத் திருவிழாவில் கூட்டம் குறையவில்லை. சொல்லப்போனால் கரை நெடுகிலுமிருந்து பூனைக்கண் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்திருந்தார்கள். சுறாமுனைக்காரர்களும் சிலர் வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்க என்று சொல்லிக்கொண்டு. நானும் போயிருந்தேன்.

ரெமிஜியூஸ் தலைகுனிந்து அப்பாவுக்குப் பின்னால் நின்றான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஜெனோவாவுக்கு அப்படி எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. அவள் தன் அம்மா வீட்டு வரிசையிலேயே நின்றாள். வா என்று மாமியார் கூப்பிட்டதற்கு, "வரிச எம் பிள்ளைக்குத்தான் கேட்டேன் அத்தை, எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

சாமியார் முத்தியதும் கலிஸ்துவின் முறை. அவர் நகரவில்லை. பின்னால் திரும்பி, கூட்டத்தின் கடைசியைப் பார்த்துக் கையசைத்தார். பிலோமி அத்தனை வரிசையையும் தாண்டி நடந்து வந்தாள். அவர் அவளைத் தனக்கு முன்னால் நிறுத்தினார். அவள் விரலைப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"தாத்தா, இவரு எனக்கு என்ன மொற வேணும்?"

அந்த வார்த்தையை அவர் அவள் வாயிலிருந்து முதல் தடவை கேட்கிறார்.

"இவரும் தாத்தாதான் மக்களே. எனக்கும் தாத்தா, ஒனக்கும் தாத்தா. சீக்கிரம் முத்திட்டு நவுரு, பின்னால ஊரே நிக்கி."

பிலோமி குனிந்து முத்தினாள். வழக்கம்போல யாரும் துடைக்கவில்லை.